அடிவயிற்றின் வலப்பக்க வலி: 3 மில்லிமீட்டர் கல்தான் காரணமா?

பாலக்கோடு வாசகி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் தக்காளியும் கொஞ்சம் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்கிறோம். இரண்டு பிள்ளைகள், இரண்டாவது மகள் பிறந்தபோதே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டேன்.

இரண்டரை மாதங்களாக எனக்கு அடிவயிற்றின் வலப்பக்கத்தில், தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முனைக்கும் இடைப்பட்ட இடத்தில், வலி இருக்கிறது. எந்நேரமும் மந்தமாக இருக்கும்; சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து முறுக்கிப் பிடிக்கும். சில நாள் மலச்சிக்கல், சில நாள் மூன்று நான்கு முறை வயிற்றுப்போக்கு. பசி குறைந்துவிட்டது. பொங்கலின்போது 52 கிலோ இருந்த நான் இப்போது 47 கிலோ இருக்கிறேன். மாலையில் உடம்பு காய்வதுபோல் இருக்கிறது, ஆனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில்லை.

தனியார் ஆய்வகம் ஒன்றில் ஸ்கேன் எடுத்தோம். வலது சிறுநீரகத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருப்பதாகவும், மற்ற உறுப்புகள் இயல்பாக இருப்பதாகவும் அறிக்கை வந்தது. அதைப் பார்த்த அனைவரும் காரணம் தெரிந்துவிட்டது என்றே கூறினார்கள். ஒரு மாதமாக வாழைத்தண்டுச் சாறும் நிறையத் தண்ணீரும் குடிக்கிறேன். வலி சிறிதும் குறையவில்லை. அத்தை இது உடம்புச் சூடுதான் என்று சொல்லி இருமுறை விளக்கெண்ணெய் கொடுத்தார். அதன்பின் வலி கூடியதே தவிர அடங்கவில்லை. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் இப்படி என்று சொல்வோரும் உண்டு.

இவ்வளவு சிறிய கல் இத்தனை நாள் வலி தருமா? தராதென்றால் வேறு எதுவாக இருக்கலாம்? பெண்கள் மருத்துவரிடம் செல்வதா, வயிற்று மருத்துவரிடம் செல்வதா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் மா விவசாயி

சகோதரி, நான் மருத்துவன் அல்லன். ஆனால் கல்லடைப்பு வலியை அனுபவித்தவன் என்பதால், உங்கள் வலி அதுபோல் இல்லை என்று மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மே மாதம், மாங்காய் அறுவடை நடந்துகொண்டிருந்த நாள்கள். விடிந்ததிலிருந்து மரத்தடியில் நின்று லாரி ஏற்றிவிட்டு, பகல் முழுவதும் இரண்டு செம்புத் தண்ணீருக்கு மேல் குடிக்காமல் இருந்தேன். ஒரு நள்ளிரவில் முதுகின் இடப்பக்கத்தில், விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி, முன்பக்கம் இறங்கி, தொடை இடுக்கு வரை கத்தி இழுப்பதுபோல் வந்தது. படுத்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் நடக்கத் தோன்றும். எந்த நிலையிலும் ஆறுதல் இல்லை. வாந்தி எடுத்தேன். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. அரைமணி நேரம் உயிர் போகும், பிறகு முற்றிலும் நின்றுவிடும், மீண்டும் வரும். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தில் 5 மில்லிமீட்டர் கல் சிக்கியிருந்தது. பன்னிரண்டாம் நாள் அது தானாக வெளியேறியது. அன்றோடு வலியும் போயிற்று.

வாழைத்தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது கெடுதல் செய்யாது. ஆனால் என்னைப் பார்த்த மருத்துவர், சாறு எதுவானாலும் நாளொன்றுக்குச் சிறுநீர் இரண்டரை லிட்டர் அளவுக்குப் போகும்படி தண்ணீர் குடிப்பதே முக்கியம் என்றார். கிணற்று நீரின் கடினத்தன்மையைவிட, வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே நம் பக்கத்தில் கல் உண்டாகப் பெரிய காரணம் என்பதும் அவர் கருத்து. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உணவுக்குப் பின் கூடுவது, எடை குறைவது, மாலைக் காய்ச்சல் ஆகிய மூன்றும் எனக்கு இருந்ததே இல்லை. தயவுசெய்து இதைக் கல் என்று விட்டுவிடாதீர்கள்.

ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம் பகுதி

அம்மா, முதலில் விளக்கெண்ணெயை நிறுத்துங்கள். காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்தும் எனிமாவும் கொடுக்கக் கூடாது. உள்ளே குடல்வால் வீங்கியிருந்தாலோ, குடலில் அடைப்பு இருந்தாலோ, அவை குடலைப் பிழிந்து வெடிக்க வைக்கும் அபாயம் உண்டு. உங்கள் அத்தை உங்கள்மேல் உள்ள அக்கறையால்தான் கொடுத்திருப்பார். அவரிடம் கோபம் வேண்டாம், காரணத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். நாம் 'சூடு' என்னும் ஒரே சொல்லுக்குள் நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், மூலம், குடல்புண், மாதவிலக்கு வலி எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம்.

அடுத்து நான் கேட்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா? மருந்துக் கடையில் கிடைக்கும் அட்டையைக் கொண்டு கருப் பரிசோதனை செய்தீர்களா? குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்குக் கரு உண்டாவது மிக அரிது. ஆனால் அப்படி உண்டானால், அது கருப்பைக்கு வெளியே, கருக்குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். என் பணிக்காலத்தில் மலையோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணை இப்படிப் பார்த்தேன். அறுவை செய்து ஆறு ஆண்டுகள் ஆனவர். அடிவயிற்றில் ஒருபக்க வலி, துளித்துளியாக இரத்தக் கசிவு. 'ஆபரேஷன் ஆனவளுக்குக் கரு எப்படி நிற்கும்' என்று வீட்டார் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தோள்பட்டை வலிக்கிறது என்று சொன்னவர், சிறிது நேரத்தில் மயங்கி விழுந்தார். கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் தேங்கி, அது உதரவிதானத்தை, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையை, உறுத்தும்போது வலி தோள்முனையில் தெரியும். 108 வண்டியில் ஏற்றிச் சென்று உடனே அறுவை நடந்ததால் பிழைத்தார். ஆகவே பிள்ளை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் அடிவயிறு வலித்தால், கரு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

கெட்ட வாடையுடன் வெள்ளைப்படுதல், உறவின்போது ஆழத்தில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இவை இருந்தால் கருப்பை, கருக்குழாய் அல்லது சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கக்கூடும். இவற்றுக்கு உங்கள் பதிலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலோ, காசநோய்ச் சிகிச்சையோ இருந்ததா என்பதையும் எழுதுங்கள். 5 கிலோ எடை காரணமின்றிக் குறைவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

பாலக்கோடு வாசகி

அம்மா, மிக்க நன்றி. நேற்றே அட்டை வாங்கிப் பார்த்தேன், கரு இல்லை. மாதவிலக்கு தள்ளிப்போகவில்லை, ஆனால் இரண்டு மாதமாக ஒருநாளோடு நின்றுவிடுகிறது. வெள்ளைப்படுதலோ எரிச்சலோ இல்லை.

மாமனாருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமடைந்தார். எனக்கு இருமலே இல்லாததால் அதை இதனோடு சேர்த்து நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன். வலி முறுக்கும்போது வயிற்றுக்குள் ஒரு பந்து எழும்பி உருண்டு வலப்பக்கம் போவதுபோல் தெரிகிறது; கையை வைத்தால் வெளியிலேயே தட்டுப்படும். பிறகு கடகடவென்று சத்தம் கேட்டு, காற்று எங்கோ திறந்துகொண்டு போனதுபோல் வலி விட்டுவிடும். நேற்று மாலை தெர்மாமீட்டர் 99.8 காட்டியது.

அறுவை மருத்துவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

நேரில் தொட்டுப் பார்க்காமல் எவரும் நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்தப் பந்து உருளும் விவரத்தை நீங்கள் எழுதியதால், சிலவற்றை ஓரளவு உறுதியோடு கூற முடிகிறது.

முதலில் அந்தக் கல். ஸ்கேனில் ஒன்று தென்படுகிறது என்பதும், வலிக்கு அதுவே காரணம் என்பதும் இரு வேறு செய்திகள். சிறுநீரகத்தின் உள்ளே ஓர் ஓரத்தில் அடைப்பின்றிக் கிடக்கும் 3 மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. அது நழுவிச் சிறுநீர்க்குழாயில் இறங்கி, சிறுநீரைத் தடுத்துத் தேங்க வைக்கும்போதுதான் காவேரிப்பட்டணத்து நண்பர் எழுதிய அந்த வலி வருகிறது. உங்கள் அறிக்கையில் சிறுநீரகத்தில் நீர்த் தேக்கம் இருப்பதாக எழுதவில்லை. ஆகவே கல் உங்களிடம் இருப்பது உண்மை. வலிக்கு அது பொறுப்பன்று என்றே கருதுகிறேன். ஸ்கேன் அறிக்கையில் முதலில் கண்ணில் படும் சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடுவதால், ஆண்டுதோறும் பலர் தாமதமாக வருவதைப் பார்க்கிறேன். அதைவிட வருந்தத்தக்கது, 'மற்ற உறுப்புகள் இயல்பு' என்ற வரியை நம்பி நிம்மதி அடைவது. குடலில் காற்று நிறைந்திருக்கும். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஒலியலை காற்றைக் கடந்து செல்லாது. ஆகவே குடலின் உட்சுவரைப் பற்றி அந்த அறிக்கை மிகக் குறைவாகவே சொல்லும்.

வலப்பக்க அடிவயிறு என்றாலே குடல்வால் என்று மக்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் குடல்வால் அழற்சிக்கு ஒரு நடை உண்டு. அது பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். ஏனெனில் குடல்வாலின் உணர்ச்சி நரம்புகள் முதுகுத்தண்டில் சேரும் மட்டமும் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகள் சேரும் மட்டமும் ஒன்று. வீக்கம் முற்றி வயிற்றின் உட்சவ்வைத் தொடும்போது, சுமார் ஒரு நாளுக்குள், வலி வலப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் நிலைகொள்ளும். பசி முற்றிலும் போய்விடும். இருமினாலும், வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் அந்த இடம் சுரீரென்று வலிக்கும். இதில் நான் அஞ்சுவது, கடுமையாக இருந்த வலி திடீரென்று விட்டுவிடும் நேரத்தை. வீட்டார் சுகமாகிவிட்டது என்று மகிழ்வார்கள். உள்ளே குடல்வால் வெடித்திருக்கும், சில மணி நேரத்தில் வயிறு முழுவதும் பலகைபோல் விறைத்துவிடும். இவையெல்லாம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடப்பவை. இரண்டரை மாதம் நீடிக்கும் உங்கள் வலிக்கு இது பொருந்தவில்லை.

சினைப்பையில் நீர்க்கட்டி இருந்து அது முறுக்கிக்கொண்டால், திடீரென்று ஒரு பக்கம் கடும் வலியும் வாந்தியும் வரும். அதற்கும் அன்றே அறுவை தேவைப்படும். மாதவிலக்கை ஒட்டி மாதாமாதம் கூடிக் குறையும் வலியென்றால், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நினைவுக்கு வர வேண்டும். இரு விலக்குகளுக்கு நடுவில் ஓரிரு நாள் மட்டும் வரும் வலி பெரும்பாலும் சினைமுட்டை வெளிப்படும் வலி, அதற்கு அச்சம் வேண்டாம். குடலிறக்கம், தசைப்பிடிப்பு, கொப்புளம் வருவதற்கு முந்தைய அக்கி வலி போன்றவையும் இங்கே தெரியும், பரிசோதித்தாலே பிடிபடும்.

இனி உங்களுக்கு வருகிறேன். உணவு உண்டு சிறிது நேரம் கழித்து முறுக்குவது, பந்துபோல் எழும்பி உருள்வது, கடகடவென்ற ஓசையோடு விடுவது ஆகியவை குடலின் ஓரிடம் குறுகியிருப்பதைக் காட்டுகின்றன. குறுகிய இடத்துக்கு முன்னால் உள்ள குடல், உணவையும் காற்றையும் தள்ள வலுவாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே உங்கள் கைக்குத் தட்டுப்படும் பந்து. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பு சரியாக நீங்கள் காட்டும் இடத்தில்தான் இருக்கிறது. வயிற்றில் காசநோய் வரும்போது குடலில் அது மிகுதியாகத் தாக்கும் இடமும் அதுவே. எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல், மாறிமாறி வரும் மலச்சிக்கலும் பேதியும், வீட்டில் முன்பு ஒருவருக்கு நோய் இருந்தது எல்லாம் அந்தத் திசையையே காட்டுகின்றன. இருமல் இல்லையே என்று எண்ண வேண்டாம். குடல் காசநோய் உள்ள பலருக்கு மார்பு எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கும்.

ஆனாலும் இதுதான் என்று முடிவு கட்டக் கூடாது. குரோன் நோய் என்னும் குடல் அழற்சி இதே இடத்தில், இதே அறிகுறிகளோடு, உள்நோக்கியில் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் வரும். குரோன் நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, காசநோயாளிக்குக் கொடுத்தால் நோயைப் பரப்பிவிடும். காசநோய் மாத்திரையை ஊகத்தின் பேரில் தொடங்கினால் மற்றதைக் கண்டறிவது தள்ளிப்போகும். உங்கள் வயதில் வாய்ப்புக் குறைவு என்றாலும் புற்றுநோய்க் கட்டியும் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். எனவே திசுவை எடுத்துப் பார்ப்பதே நேர்வழி.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம் அல்லது அறுவைப் புறநோயாளிப் பிரிவுக்கு இந்த வாரமே செல்லுங்கள். இங்கே எழுதிய பந்து விவரத்தை விடாமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே, வயிற்றுக்குச் சி.டி. ஸ்கேன், அதன்பின் பெருங்குடலை உள்நோக்கிக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபி என்று போகக்கூடும். கொலோனோஸ்கோபியில் திசு எடுக்கும்போது ஒரு பகுதி திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்திலும், இன்னொரு பகுதி உப்புநீரிலும் போடப்பட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய முடியாது. காசநோய் மரபணுச் சோதனைக்கும் உப்புநீரில் உள்ள திசுவே நல்லது. இதை மருத்துவரிடம் பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

இதற்கிடையில் வாந்தி தொடர்ந்து, வயிறு உப்பி, மலமும் காற்றும் அறவே நின்றால், காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதுவரை நார் மிகுந்த கீரைத்தண்டு, வாழைத்தண்டு ஆகியவற்றைத் தவிர்த்து, நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கூழ், நன்கு குழைந்த சோறு, மோர் என்று சிறிது சிறிதாக உண்ணுங்கள். கல்லுக்காக நீங்கள் குடித்துவந்த சாறில் சக்கை கலந்திருந்தால் அது குறுகிய குடலுக்குச் சுமை.

அரூர் வாசகர்

அடிவயிற்று வலி பற்றிய பேச்சு என்பதால், பிள்ளைகளைப் பெற்றவர்கள் படிப்பார்கள் என்று இதை எழுதுகிறேன். என் மகனுக்கு 13 வயதில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அடிவயிறு வலிப்பதாகச் சொன்னான்; இருமுறை வாந்தி எடுத்தான். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தோம். மறுநாள் மதியம்தான், நடக்க முடியாமல் காலை அகட்டி வைப்பதைப் பார்த்து நான் தனியே அழைத்துக் கேட்டபோது, விதைப்பை வீங்கியிருப்பதைக் கூச்சத்தோடு சொன்னான். விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். ஒரு பக்கத்தை எடுக்க வேண்டியதாயிற்று. மகன் இப்போது நலமாக இருக்கிறான். ஆண்பிள்ளை அடிவயிறு வலிக்கிறது என்றால் அவனிடம் அந்தக் கேள்வியைத் தந்தை நேரடியாகக் கேட்க வேண்டும், உடையை விலக்கிப் பார்க்கவும் வேண்டும். அந்த இரவில் நான் கேட்காமல் விட்டது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

பாலக்கோடு வாசகி – ஐந்து வாரங்களுக்குப் பிறகு

பதில் எழுதியவர்கள் அனைவருக்கும் நன்றி. சி.டி. ஸ்கேனில் குடல் சந்திப்பு தடித்திருப்பதாகவும், சுற்றிலும் நெறிக்கட்டிகள் இருப்பதாகவும் வந்தது. கொலோனோஸ்கோபியில் புண்கள் தெரிந்தன. திசுவை இரண்டு குப்பிகளில் எடுத்தார்கள். நான் கேட்பதற்கு முன்பே அந்த மருத்துவர் உப்புநீர்க் குப்பியை எடுத்து வைத்திருந்தார். மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி உறுதியானது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மாத்திரை தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்றார்கள். கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு ஐயங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, இது இரத்தமா? பிள்ளைகள் என்னோடுதான் படுக்கிறார்கள், அவர்களுக்குத் தொற்றுமா?

ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம் பகுதி

அது இரத்தம் அன்று, அம்மா. ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம். கண்ணீரும் வியர்வையும்கூடச் சற்று நிறம் மாறலாம். ஆனால் கண் மஞ்சளாகிச் சாப்பாடு வெறுத்து வாந்தி வந்தால், அது கல்லீரல் தரும் எச்சரிக்கை. மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கடினமானாலோ அதையும் உடனே சொல்லுங்கள்.

நோய் குடலில் மட்டும் இருக்கும்போது, மூச்சு வழியாகப் பிள்ளைகளுக்குப் பரவுவதில்லை. அவர்களை அணைத்துக்கொண்டே படுங்கள். எனினும் கிருமி உங்கள் வீட்டுக்குள் எங்கிருந்தோ வந்திருக்கிறது. மாமனார் உட்பட எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். பசும்பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதத்தில் பசி திரும்பி உடம்பு தேறியது போலிருக்கும். பலர் மாத்திரையை விடுவது அப்போதுதான். நீங்கள் விடக் கூடாது. புண் ஆறும்போது தழும்பு விழுந்து குடல் இன்னும் சற்றுக் குறுகக்கூடும் என்பதால், பந்து உருளும் வலி மீண்டும் வலுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சிலருக்கு மட்டும் அறுவை தேவைப்படும். மாதந்தோறும் ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். 47 கிலோவிலிருந்து முள் நகரத் தொடங்கிய மாதத்தில் இங்கே எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.